கேட்டால் உண்டு

கொல்லம் ஆயிரத்து எண்பத்தாறு, மாசி மாதம். திருவிதாங்கூரில் எத்தனை தலைகள் இருக்கின்றன என்று எண்ணிவிடுவதென்று சர்க்கார் தீர்மானித்தபோது, ஈற்றமூடு என்ற மலைக்குடிக்குப் போக ஒருவரும் முன்வரவில்லை. வெள்ளறடைக்கு அப்பால் வண்டிப்பாதை முடிந்து, ஒற்றையடிப்பாதை முடிந்து, பாதை என்ற எண்ணமே முடிந்த பிறகும் நெய்யாற்றைக் கடந்து ஒரு ஏற்றம் ஏறவேண்டும் என்றார்கள். ஆகவே அன்று கச்சேரிக்குச் சற்றுப் பிந்தி வந்த முத்துக்குமாரசாமி பிள்ளையை, அவர் வருவதற்குள், எல்லோருமாக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

முத்துக்குமாரசாமி பிள்ளைக்கு வயது இருபத்தேழு. பாறசாலைப் பகுதிக் கச்சேரியில் குமாஸ்தா. அப்பாவும் குமாஸ்தா, அப்பாவின் அப்பாவும் குமாஸ்தா. ஒரு காகிதத்தில் பிழையைக் கண்டுவிட்டு அதைத் திருத்தாமல் உறங்கியவர் என்று அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக ஒருவர்கூடக் கிடையாது. துக்கச் செய்தி எழுதி வந்த கடிதத்தைக்கூட முதலில் சிவப்பு மையால் திருத்திவிட்டுத்தான் அழுவார்கள்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு மனக்குறை உண்டு. மேலதிகாரி தாணுமாலயன் பிள்ளை அவருடைய பெயரை முழுதாகச் சொல்ல மாட்டார். "முத்துசாமி" என்று வெட்டிக் கூப்பிடுவார். ஒவ்வொரு முறையும் இவர் வாய்க்குள்ளேயே "முத்துக்குமாரசாமி" என்று திருத்திக்கொள்வார். ஐந்து வருஷ உத்தியோகத்தில் சர்க்காருக்கு எதிராக அவர் செய்த கலகம் அவ்வளவுதான்.

புறப்படும் காலையில் அவர் மனைவி மரகதவல்லி நிறைமாத வயிற்றோடு வாசற்படியில் நின்றாள். முந்தின இரண்டு பிள்ளைகளும் பிறந்த அன்றே போய்விட்டன. இரண்டு தடவையும் அவர் எங்கேயோ யாருடைய நிலத்தையோ அளந்துகொண்டு நின்றார்.

"இஞ்சேருங்கோ, இந்த மட்டமாவது கூட இருக்கப்பிடாதா?"

"ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்திருவேன். குட்டி அழுத சத்தம் கேக்கும்போ நான் இந்த வாசல்ல நிப்பேன். போருமா?"

"நிக்காட்டா?"

"சர்க்கார் உத்தியோகஸ்தன் சொன்ன வாக்காக்கும்."

"அதுதான் பயமா இருக்கு" என்றாள் மரகதவல்லி.

வழித்துணைக்கு வேலாயுதன் என்ற காட்டுக் காவலனைக் கொடுத்திருந்தார்கள். அவன் காட்டுக்குக் காவலா, காடு அவனுக்குக் காவலா என்பது அவனுக்கே தெளிவில்லை. நடக்கும்போதும் உறங்கக்கூடியவன். மற்ற ஊர்களில் கானேஷுமாரி என்ற இந்தத் தலைக்கணக்கு இரவில் நடக்கும். எல்லோரும் வீட்டில் இருப்பார்களே. மலைக்குடிகளில் மட்டும் பகலிலேயே எண்ணிக்கொள்ளலாம், ஏனென்றால் இரவில் ஆனைகள் வரும், ஆனைகளை எண்ண உத்தரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வெயில் ஏறும் நேரத்தில், ஈற்றமூடு கண்ணில் பட்டது.

அப்படியொன்றும் பயங்கரமான ஊரில்லை. ஈற்றை மூங்கிலைப் பிளந்து தட்டியாக முடைந்து, ஓலையும் புல்லும் வேய்ந்த வீடுகள். அடுப்புப் புகையும் பழுத்த பலாவும் ஈர மண்ணும் கலந்த ஒரு மணம். பிள்ளை பைக்குள்ளிருந்து தாளை எடுத்து, தலைக்கட்டு எண்ணிக்கையோடு சேர்த்து எழுதி அனுப்பவேண்டிய ஊர்க்குறிப்பை அப்போதே ஆரம்பித்தார். 'குடிகள் காணிக்காரர். நீர்வளம் உண்டு. அட்டையும் உண்டு.'

முற்றத்தில் ஒரு மனிதர் எதிரே வந்து கைகூப்பினார்.

"நான் மல்லன் காணி. இந்தக் குடிக்கு மூட்டுக்காணி, தலைவனாக்கும். பெண்சாதி ஒண்ணு, மக்க மூணு. காடு வெட்டி வெதைப்பேன், தேன் எடுப்பேன். கண்ணும் காதும் கொள்ளாம், பழுதில்ல."

பிள்ளைக்கு மகிழ்ச்சியாகிவிட்டது. கேட்பதற்கு முன்பே பதில் சொல்லும் குடிமகனை அவர் அதுவரை கண்டதில்லை. "வயசென்ன?" என்று ஆரம்பித்தார்.

மல்லன் காணி உள்ளங்கையைத் தூக்கி நிறுத்தினார். "ஏமானே, இங்க கேக்கப்பிடாது. நாங்க ஆரும் ஆருகிட்டயும் கேக்கமாட்டோம். ஒரு வாசல்ல போய் நிண்ணா, நான் இன்னாரு வந்திருக்கேன்னு சொல்லுவோம். உள்ள இருக்கியவங்க தாங்களே சொல்லுவாங்க. உள்ள ஆருண்ணு கேக்கிய பழக்கம் இல்ல."

"அதென்ன, ஏன்?"

ஏன் என்பதும் கேள்வி ஆகையால் மல்லன் காணி அதற்குப் பதில் சொல்லவில்லை.

வேலாயுதன் பிள்ளையின் காதருகே வந்தான். "ஏமானே, இவங்களுக்கு அப்பிடி ஒரு முறை. நானும் வந்தா, வேலாயுதன் வந்திருக்கேன், பசிக்குதுன்னு சொல்லுவேன். கெழங்கு தந்திருவாங்க. கேட்டு வாங்குததைவிட நல்லதாக்கும்."

முறை என்று வந்துவிட்டால் பிள்ளை கட்டுப்படுவார். அவர் வாசலில் போய் நின்று, "நான் முத்துக்குமாரசாமி பிள்ளை, கானேஷுமாரி எழுத வந்திருக்கேன்" என்பார். வீட்டிலுள்ளவர்கள் வெளியே வந்து தங்களைப் பற்றி ஒழுங்காகச் சொல்வார்கள். சர்க்கார் தாளில் ஆளுக்குப் பதினாறு கட்டம். முதல் இரண்டும் நம்பர். மீதிப் பதினாலும் கேள்வி: பெயரில் ஆரம்பித்து, மதம், மணம், வயது, தொழில், பிறந்த ஊர், பாஷை, எழுத்தறிவு என்று நடந்து, கடைசியில் 'குறை' என்ற கட்டத்தில் முடியும். குருடா, செவிடா, குஷ்டமா, பைத்தியமா என்பது அங்கே வரும். அவர்கள் சொன்னதை எழுதி, சொல்லாததை ஊகித்து எழுதி, ஒவ்வொரு தட்டிக் கதவிலும் காவிக் குழம்பால் நம்பர் போட்டுக்கொண்டே வந்தார். உச்சிக்குள் எட்டு வீடு, முப்பத்தொரு ஆள்.

நாளைக்கே இறங்கிவிடலாம். ஞாயிறு அல்ல, சனிக்கிழமையே வாசலில் நிற்கலாம்.

எல்லோரும் கிழங்கும் காந்தாரி மிளகுமாக உட்கார்ந்திருந்தபோது, பிள்ளை தாம் கொண்டுவந்த அவலை ஈரத்தோடு விழுங்கிவிட்டு எழுந்தார். பலாமரத்துக்கு அப்பால், ஆற்றைப் பார்த்த சரிவின் ஓரத்தில், தனியாக ஒன்பதாவதாக ஒரு வீடு தெரிந்தது.

வாசல் பெருக்கியிருந்தது. படிக்கல்லில் ஒரு மண்குடம் நிறையத் தண்ணீர். கதவு நாரால் கட்டியிருந்தது. கட்டு வெளிப்பக்கம் இருந்தது. பிள்ளை அதைக் கவனித்தார். கவனித்ததைப் பற்றி யோசிக்கவில்லை.

கதவில் ஒன்பது என்று காவியால் எழுதினார். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த வீட்டுக்கு மணமே இல்லை. புகை மணம் இல்லை, ஓலை மணம் இல்லை, மண் மணமும் இல்லை. மூக்கை யாரோ முகத்திலிருந்து எடுத்து வைத்துவிட்டதுபோல் இருந்தது.

சில்வண்டுகளும் நின்றிருந்தன.

உச்சி வெயில். களைப்பு. காலையிலிருந்து காத்த முறை எல்லாம் மறந்து, ஐந்து வருஷப் பழக்கம் வாயில் வந்தது.

"உள்ள ஆரு உண்டு?"

"உண்டு" என்றது ஒரு குரல்.

ஆணா பெண்ணா என்று பிடிபடாத குரல். மிக மரியாதையான குரல். கதவுக்கு அந்தப் பக்கம், அவர் வாய்க்கு நேரே வாயை வைத்துக்கொண்டு பேசியதுபோல் அவ்வளவு கிட்டே.

"பேரு?"

"இல்லை."

"பேரு இல்லாம எப்பிடி? செரி, மதம்?"

"இல்லை."

"ஆணா, பெண்ணா?"

"இல்லை."

ஏதோ ஒரு வம்பன் விளையாடுகிறான் என்று பிள்ளைக்குக் கோபம் வந்தது. ஆனால் குடிகள் சொல்வதை அப்படியே எழுதவேண்டும் என்பது உத்தரவு. எழுதினார். வயது இல்லை. பிறந்த ஊர் இல்லை. பாஷை இல்லை. அந்தக் குரல் ஒவ்வொரு கேள்விக்கும் காத்திருந்து, ரசித்து, நன்றியோடு 'இல்லை' என்றது. கடைசிக் கட்டத்துக்கு வந்தார்.

"குறை ஏதாவது?"



"உண்டு."

பிள்ளை தாளை உதறி மையை உலர்த்திக்கொண்டு முற்றத்துக்குத் திரும்பினார். "அந்த ஒம்பதாம் வீட்டில இருக்கியவனுக்கு வாய்க்கொழுப்பு கூடுதல், கேட்டீரா?" என்றார் மல்லன் காணியிடம். "எதைக் கேட்டாலும் இல்லை இல்லைங்கான்."

கிழங்கைப் பிட்ட கைகள் எல்லாம் அப்படியே நின்றன.

ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தட்டியைச் சாத்தினாள். பிறகு எல்லாத் தட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன.

"அங்க ஆரும் இல்ல, ஏமானே" என்றார் மல்லன் காணி, மிக மெதுவாக. "கேட்டா உண்டு."

வேலாயுதனுக்குப் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக முழுசாக உறக்கம் கலைந்தது.

"எத்தனை தலைமுறையா தண்ணி வச்சு, பெருக்கி, கட்டிப் போட்டிருக்கோம். ஒண்ணும் செய்யாது. கேக்கப்பிடாது, அவ்வளவுதான். நீங்க கேட்டுட்டீங்க, அது சொல்லிட்டு. இனி அது கேக்கும். என்ன சொன்னாலும் நீங்க வாயைத் தொறக்காண்டாம். ஆத்துக்கு அக்கரை போனா அதுக்கு வரமுடியாது. இப்பமே எறங்கணும்."

பிள்ளைக்குச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. சிரிப்பு வரவில்லை. "அந்த வரியில பூரா இல்லைன்னு இருக்கே" என்றார். "தாணுமாலயன் பிள்ளை தாளைத் திருப்பி மூஞ்சியில எறிவாரு. மறுபடி ஏறி வரச்சொல்லுவாரு. எனக்கு ஞாயித்துக்கெழம வீட்டில இருக்கணும்."

"வாயைத் தொறக்காம எறங்கினா இருப்பீங்க."

மல்லன் காணி நீளமாக ஒரு ஈற்றைக் கம்பை வெட்டினார். முன்னால் அவர், நடுவில் பிள்ளை, பின்னால் வேலாயுதன். மூவரும் அந்த ஒரே கம்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்கவேண்டும். கம்பை விடக்கூடாது. திரும்பிப் பார்க்கக்கூடாது. ஆறு தெரிகிற தூரம்தான்.

இறங்கினார்கள். இரண்டு பக்கமும் ஈற்றைக் காடு. வெயில் கோடுகோடாக விழுந்தது. பிள்ளை பற்களை இறுகக் கடித்திருந்தார். பத்தடி, இருபதடி. ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் தைரியம் வந்து, மூச்சை விட்டார்.

கையில் பிடித்திருந்த கம்பு அதிர்ந்தது.

ஈற்றை உள்ளே பொள்ளல். அந்தப் பொள்ளலுக்குள்ளிருந்துதான் குரல் வந்தது. அவருடைய உள்ளங்கைக்குள்.

"பேரு?"

அவர் வாயைத் திறக்கவில்லை.

"பேரு, முத்துசாமி" என்றது குரல், எழுதிக்கொள்வதுபோல.

தாணுமாலயன் பிள்ளையின் குரல் அச்சாக அதுவே. அதே வெட்டு, அதே அலட்சியம். ஐந்து வருஷமாக உதடு தானாகச் செய்துவந்த காரியத்தை உதடு இப்போதும் செய்தது.

"முத்துக்குமாரசாமி" என்று முணுமுணுத்தார்.

"ஓ" என்றது குரல், நன்றியோடு.

அந்தக் கணத்தில் அவர் காலில் ஒட்டியிருந்த ஈர மண்ணின் மணம் போயிற்று. அவருக்குப் புரிந்துவிட்டது. வேட்டியின் முனையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டார். இனி யார் வெட்டினாலும் சரி.

"ஏமானே, என்ன முணுமுணுக்கிறீங்க?" என்றான் பின்னாலிருந்து வேலாயுதன்.

"பேசாண்டாம்" என்றார் முன்னாலிருந்து மல்லன் காணி.

"மணம்" என்றது கம்பு. கொஞ்சம் யோசித்தது. "தாரமிழந்தவன்."

பிள்ளை நின்றுவிட்டார். கம்பு இழுத்தது, தடுமாறி நடந்தார். வாய்க்குள் துணி. துணிக்குள் ஒரு சத்தம்.

"தாரமிழந்தவன்" என்றது மறுபடி, பேனா தாளில் கீறும் ஒலியோடு. "இன்று காலை. குழந்தையோடு."

வேட்டி முனை வாயிலிருந்து விழுந்தது. "எழுதாதே! அவ உசிரோட இருக்கா! எனக்குப் பெண்சாதி உண்டு! மணமானவன்னு எழுது!"

"எழுதியாச்சு" என்றது குரல், மிக மரியாதையாக.

அதன் பிறகு அணை நிற்கவில்லை. வயது நாற்பது என்றது. இருபத்தேழு என்று கத்தினார். பிறந்தது பூவாறு என்றது. பாறசாலை என்றார். எழுத்தறியான் என்றதும் அவருக்குத் தாங்கவில்லை. இங்கிலீஷ் அறியான் என்றபோது, மூன்றாம் தடவையில் தேறியிருந்தாலும் மெட்ரிகுலேஷன் மெட்ரிகுலேஷன்தான் என்று ஆதாரத்தோடு மறுத்தார். சொல்லக்கூடாது என்று மனசு அலறியது. ஆனால் ஒரு தாளில் தப்பான வரி ஏறிக்கொண்டிருக்கிறது. மூன்று தலைமுறை குமாஸ்தாக்கள் அவருடைய நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மணம் கழன்றது. இலை. வெயில். தம் வியர்வை. வீட்டில் மரகதவல்லி தலைக்குத் தேய்க்கும் காச்செண்ணெயின் மணம், நினைவிலிருந்தே.

கம்பு இலேசாகிக்கொண்டு வந்தது. அல்லது கை.

ஆற்றின் இரைச்சல் கேட்டது. இன்னும் பத்தடி. தண்ணீர் மினுங்குவது தெரிந்தது. மல்லன் காணியின் கால் மணலில் பதிந்தது.

"கடைசிக் கட்டம்" என்றது குரல். "குறை உண்டு."

குருடோ செவிடோ குஷ்டமோ பைத்தியமோ அவருடைய குடும்பத்தில் கிடையாது. தப்பிவிட்டோம், ஆறு வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியிலேயே அதையும் திருத்தினார்.

"இல்லை."

சில்வண்டுகள் நின்றன.

கையில் கம்பு இல்லை. எதிரே ஆறு இல்லை. முகத்துக்கு நேரே ஈற்றைத் தட்டி. தட்டியின் இடுக்கு வழியாகப் பெருக்கிய வாசலும், படிக்கல்லில் தண்ணீர்க் குடமும், சரிவின் கீழே வெகு தூரத்தில் ஆறும் தெரிந்தன. அவர் தட்டியைத் தள்ளினார். நார்க்கட்டு வெளிப்பக்கம் இருந்தது.

கீழே, மூன்று பேர் ஒரே கம்பைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மல்லன் காணி. பின்னால் வேலாயுதன். நடுவில் ஒருவர், கக்கத்தில் சர்க்கார் பையோடு, வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

மூன்று பேர் இறங்கினார்கள். மூன்று பேர் கரையேறினார்கள். கணக்கில் பிழையே இல்லை.

"வேலாயுதா!" என்று கூப்பிட்டார். சத்தம் வரவில்லை. "எலே வேலாயுதா!" வாய் திறந்தது, தொண்டை அசைந்தது, ஒன்றும் வரவில்லை. யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லையே.

பொழுது சாயும் முன் மல்லன் காணி திரும்பி வந்தார். குடத்தில் தண்ணீர் நிரம்பத்தான் இருந்தது. ஆனாலும் பழைய தண்ணீரைக் கொட்டிப் புதிதாக ஊற்றினார். பிறகு கதவைப் பார்க்காமல், குடத்தைப் பார்த்துச் சொன்னார்:

"நான் மல்லன் காணி, வந்தேன். தண்ணி வச்சேன். மூணு பேரு ஆத்துல எறங்கினோம். அதில ஒருத்தரு காலு பட்ட எடத்தில தண்ணி அனங்கல்ல, ஒரு அலைகூட இல்ல. நான் பாத்தேன்." குடத்தை நேராக்கி வைத்தார். "ஆருண்ணு கேக்கணும்னு இருந்து. கேக்கப்பிடாதே. போறேன்."

கேள் என்று உள்ளே ஒருவர் தட்டியில் தலையை மோதினார். ஒரே ஒரு சொல், கேள் மல்லன் காணி, கேள். தட்டி அசையவில்லை.

அந்த ஊரார் மிகவும் நல்லவர்கள். தினமும் வந்தார்கள். வாசல் பெருக்கினார்கள். தங்கள் பேர், தங்கள் காரியம், பிள்ளைகளின் சுரம், ஆனை மிதித்த வாழை எல்லாம் சொன்னார்கள். ஒருவர்கூட, ஒரு நாள்கூட, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து வேலாயுதன் மலையேறி வந்தான். முற்றத்தில் உட்கார்ந்து கிழங்கு தின்றுகொண்டே, முறைப்படி, கேட்காததைச் சொன்னான்.

"பாறசாலைப் பிள்ளைக்குப் பெண்குட்டி. ஞாயித்துக்கெழம பெறந்து. கொள்ளாம், ரெண்டு பேருக்கும் சொகம். குட்டி அழுத நேரம் ஏமான் வாசல்லேயே நிண்ணாரு, கேட்டியா? காலத்தேருந்து நிண்ணவரு அனங்கல்ல. அந்த அம்மா அதைச் சொல்லிச் சொல்லிக் கண்ணீரு விட்டு ஒரே கரைச்சல். சொன்ன வாக்குக் காப்பாத்திட்டாருன்னு."

தட்டிக்குள்ளே யாரோ உட்கார்ந்ததுபோல் இருந்தது. காற்றாக இருக்கலாம்.

ஒன்பதாம் வீட்டில் உச்சிப்பொழுது நகர்வதில்லை. பலா காய்ப்பதும் விழுவதும் மட்டும் தெரியும். பத்துத் தடவை காய்த்தது. தட்டிக்கு உள்ளே இருந்தவர் எண்ணிக்கொண்டே இருந்தார், எண்ணுவது ஒன்றுதான் அவரிடம் மிஞ்சியிருந்தது. சர்க்கார் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை கேட்கும். சர்க்கார் மறந்துபோகாது. சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்குக் கேட்காமல் இருக்கத் தெரியாது. அது ஒன்றே அவருடைய நம்பிக்கை.

ஆயிரத்துத் தொண்ணூற்றாறு, மாசி. உச்சி வெயிலில் பலாமரத்தடியில் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

ஒருவன் ஜெயதாஸ் என்ற இளைஞன், கையில் புதுத் தாள்களும் காவிச் சட்டியும். இன்னொருவர் கொஞ்சம் தடித்து, தோளில் சரிகை நேரியதும் மூக்குக்கண்ணாடியுமாக, கானேஷுமாரி மேலாளராக உயர்ந்திருந்த முத்துக்குமாரசாமி பிள்ளை. யாரையும் எதுவும் கேட்காத அதிகாரி என்று அவருக்குக் கச்சேரியில் நல்ல பெயர். ஆகையால் உத்தியோகம் மளமளவென்று உயர்ந்திருந்தது.

"சார், கதவில ஒம்பதுன்னு பழைய நம்பர் உண்டே" என்றான் ஜெயதாஸ்.

"ஆளில்லாத வீடு. அப்பிடியே எழுது."

"வாசல் பெருக்கியிருக்கு சார். குடத்தில தண்ணி இருக்கு. ஒண்ணு கேட்டுப் பாத்துட்டு..."

"கேக்காண்டாம்." அந்தக் குரல் மிக மரியாதையாக இருந்தது. "நம்பரைச் சுரண்டிட்டு வா. பொழுதோட எறங்கணும். என் மகளுக்கு நாளைக்குப் பத்து வயசு தெகையுது. வாசல்ல காத்து நிப்பா."

சொல்லிவிட்டு, தட்டியின் இடுக்கை ஒரு முறை நேராகப் பார்த்தார். அங்கிருந்த இரண்டு கண்களை அவருக்கு நன்றாகத் தெரியும். பத்து வருஷமாகக் கண்ணாடியில் பார்க்கிறாரே. பிறகு திரும்பிச் சரிவில் இறங்க ஆரம்பித்தார். முற்றத்து மூலையில் நரைத்துப்போயிருந்த மல்லன் காணி, போகிறவரின் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். புல் அனங்கவில்லை.

ஜெயதாஸ் பேனாக்கத்தியை எடுத்துக் கதவிலிருந்த ஒன்பதைச் சுரண்டினான்.

பத்து வருஷத்துக் காவி விரலில் ஈரமாக ஒட்டியது.

முகர்ந்து பார்த்தான். மணமே இல்லை. கையையும் முகர்ந்தான். சுற்றிலும் கூவிக்கொண்டிருந்த சில்வண்டுகள் எப்போது நின்றன என்று அவனுக்குத் தெரியவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம், அவன் முகத்துக்கு நேரே, யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

"நான் மல்லன் காணி சொல்லுதேன்!" மூலையிலிருந்து கிழவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். "மக்கா, அங்கேந்து வா! வா மக்கா!"

கீழே சரிவிலிருந்தும் ஒரு குரல் கூப்பிட்டது. அதில் மரியாதை இல்லை, அவசரம் இருந்தது. "எலே ஜெயதாசே!"

உள்ளே இருந்தவர் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டார். ஜெயதாஸ். நல்ல பெயர். சின்னதாக இருக்கிறது, கட்டத்தில் அடங்கும். பாறசாலைக்கு வழி அவனுக்குத் தெரியும். பத்து வயதுப் பெண் ஒருத்தி வாசலில் நிற்பாள். அவன் உருவத்தில் போனால் யாரோ ஒரு வாலிபன் என்று நினைப்பாள், நினைக்கட்டும்.

ஜெயதாஸ் நல்ல முறையில் வளர்ந்த பையன். ஒரு வீட்டுக் கதவைச் சுரண்டிவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் போக அவனுக்கு மனம் வரவில்லை. இடுக்கில் வாயை வைத்தான்.

"உள்ள ஆரு உண்டு?"

பதினாலு கேள்வியையும் வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தவர், தட்டிக்கு மிக அருகே வந்து, நன்றியோடு சொன்னார்:

"உண்டு."